கூலண்ட் குறைந்த பிறகு ஹீட்டர் சூடாக வரவில்லையா? பழைய கார் வைத்திருக்கும் டெல்டாக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டரை யார் போடப் போகிறார்கள்? அது வேலை செய்யாவிட்டால் என்ன?

தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் ஹீட்டர் பக்கம் யாரும் போவதில்லை, உண்மைதான். கொடைக்கானல், ஏற்காடு என்று கிளம்பினால்தான் அப்படி ஒரு லீவர் இருப்பதே நினைவுக்கு வரும். ஆனால் முன்பு நன்றாகச் சூடு கொடுத்த ஹீட்டர், கூலண்ட் (இன்ஜினின் சூட்டை எடுத்துப் போகும் திரவம்) ஒழுகிய பிறகோ ரேடியேட்டர் வேலை பார்த்த பிறகோ வெறும் காற்றைத் தள்ளினால், பெரும்பாலும் இன்ஜினுக்குள் தண்ணீர் குறைவாக இருக்கிறது, அல்லது காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டர் இல்லாமல் காலம் முழுக்க ஓட்டலாம். கூலண்ட் இல்லாமல் தஞ்சையிலிருந்து திருச்சி வரைகூட ஓட்ட முடியாது. அதனால் இதைக் குளிர் சம்பந்தப்பட்ட புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள் காட்டுவதற்கு முன்பே, பல நேரம் ஹீட்டர்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வருகிறது?

இன்ஜினில் சுற்றும் அதே கூலண்டிலிருந்துதான். டேஷ்போர்டுக்குப் பின்னால் கைப்பை அளவில் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும். பட்டறையில் ஹீட்டர் காயில் என்பார்கள். இன்ஜினிலிருந்து ஒரு ஹோஸ் அதற்குள் போகும், இன்னொன்று திரும்பி வரும். புளோயர் காற்று அதன் வழியாக வரும்போது சூடாகிறது. பெரும்பாலான கார்களில் இந்தக் காயில் உயரமான இடத்தில் இருக்கிறது, குழாய்களும் மெல்லியவை. அதனால் கூலண்ட் குறைந்தால் முதலில் காய்வதும் இதுதான், காற்று போய் உட்காருவதும் இங்கேதான்.

கூலண்ட் குறைந்திருந்தது, டப்பாவில் ஃபுல் கோடு வரை ஊற்றிவிட்டேன். அப்புறமும் காற்று குளிர்ச்சியாகத்தான் வருகிறது. ஏன்?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பா நிறைந்திருப்பதால் ரேடியேட்டரும் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை. மாருதி 800, ஆம்னி, ஜென் போன்ற வண்டிகளில் ரேடியேட்டருக்குத் தனியாக மூடி உண்டு. அந்த மூடிக்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. சூட்டில் கூலண்ட் விரியும்போது ஒன்று திறந்து அதை டப்பாவுக்குத் தள்ளும். இன்ஜின் ஆறும்போது நடுவில் இருக்கும் சின்ன வால்வு திறந்து, டப்பாவிலிருந்து திரும்ப இழுக்கும். அந்தச் சின்ன வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டாலோ, டப்பாவுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயில் கீறல் விழுந்தாலோ, திரும்ப இழுப்பது நின்றுபோகும். டப்பா தளும்பும், ரேடியேட்டர் காலியாக இருக்கும்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். கழுத்து வரை கூலண்ட் தெரிய வேண்டும். உள்ளே உலோகத் தட்டுகள் காய்ந்து தெரிந்தால் குறை அங்கேதான் இருக்கிறது.

இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள். ஈரத்துணி போட்டு மெதுவாகத் திறக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்க வேண்டாம். அழுத்தம் விலகிய அந்த நொடியில் உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும்.

டப்பாவிலேயே அழுத்த மூடி வைத்த வண்டிகளும் உண்டு. அவற்றில் ரேடியேட்டரில் தனி மூடி இருக்காது. அங்கே டப்பாவின் அளவுதான் கணக்கு, ஆனால் காற்று அடைக்கும் தொல்லை அவற்றிலும் உண்டு.

டெம்பரேச்சர் முள் நடுவில்தானே நிற்கிறது? அப்படியானால் இன்ஜினில் தண்ணீர் இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. அந்த சென்சார் கூலண்டில் முழுகியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் காற்றின் சூட்டைத்தான் காட்டும், அது நிஜத்தைவிடக் குறைவாக இருக்கும். முள் நடுவில் இருந்தும் ஹீட்டர் திடீரென்று குளிர்ந்தால் ஹீட்டர் சொல்வதை நம்பி ஓரம் கட்டுங்கள்.

ஏர்லாக் (உள்ளே அடைத்த காற்று) எடுக்க வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் மேடு ஏது?

நியாயமான கேள்வி. மயிலாடுதுறையிலிருந்து நாகப்பட்டினம் வரை போனாலும் ஓர் ஏற்றம் கிடைக்காது. ஆற்றுக்கரை மேல் ஏறும் சரிவுப் பாதை போதும், வண்டி நடமாட்டம் இல்லாத கரையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி ஆலைகளிலும் குடோன்களிலும் லாரி ஏற்றச் சரிவு கட்டியிருப்பார்கள், அதுவும் நல்ல இடம். பாலத்தின் அப்ரோச் ரோட்டில் மட்டும் நிறுத்தாதீர்கள், பின்னால் வரும் பஸ்காரருக்கு உங்கள் ஏர்லாக் தெரியாது. ரேடியேட்டரின் வாய் மற்ற எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். காற்று மேலே ஏறி அந்த வாய் வழியாக வெளியேறும்.

செய்யும் முறை இது. ஆறிய இன்ஜின். ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை கூலண்ட் ஊற்றுங்கள். உள்ளே ஹீட்டர் லீவரை முழுச் சூட்டுக்குத் தள்ளுங்கள். இதை மறந்துவிட்டால், சில பழைய வண்டிகளில் ஹீட்டருக்குப் போகும் வால்வு மூடியே இருக்கும், நீங்கள் எவ்வளவு நேரம் நின்றாலும் காயிலில் இருக்கும் காற்று அசையாது. புளோயரைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். ஏசி வேண்டாம். மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஓட விடுங்கள்.

கொஞ்ச நேரத்தில் கழுத்தில் குமிழ்கள் வர ஆரம்பிக்கும். மேலே இருக்கும் தடித்த ஹோஸை, சூடு ஏறுவதற்கு முன், கையால் பிசைந்து பிசைந்து விடுங்கள். ஒவ்வொரு பிசைவுக்கும் ‘குளுக்’ என்று ஒரு சத்தத்தோடு காற்று வெளியேறும், மட்டம் சட்டென்று இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) திறக்கும் நேரத்தில் மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும், மட்டம் இன்னொரு தடவை நன்றாக இறங்கும். அந்த நேரத்தில் கூலண்ட் பொங்கி வரலாம், முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் நீராவி வந்து பொங்கவே தொடங்கிவிட்டால் இன்ஜினை அணைத்து ஆற விட்டு மறுபடி தொடங்குங்கள். குமிழ் நின்று, உள்ளே ஹீட்டர் காற்றும் சூடாகிவிட்டால் மூடியைப் போட்டு, டப்பாவிலும் அளவுக்கு ஊற்றி முடியுங்கள். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் அருகிலோ ஹீட்டர் ஹோஸிலோ காற்று எடுப்பதற்கென்றே ஒரு ஸ்க்ரூ வைத்திருப்பார்கள். அது இருந்தால் பாதி வேலை மிச்சம்.

மறுநாள் காலையில் ஆறிய இன்ஜினில் மறுபடி மூடியைத் திறந்து பார்க்காமல் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும். ஊற்றுங்கள். அடுத்த நாளும் இறங்கினால் அது ஏர்லாக் இல்லை, ஒழுக்கு.

ஒரு எச்சரிக்கை: ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது, இன்ஜின் அணைந்திருந்தாலும் சில வண்டிகளில் தானாகச் சுற்றும். தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் வேண்டாம்.

ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சூடு வருகிறது, சிக்னலில் நின்றால் குளிர்ந்துவிடுகிறது.

கூலண்ட் இன்னும் கொஞ்சம் குறைவு, அல்லது கொஞ்சம் காற்று மிச்சம். முதலில் அதைச் சரிபாருங்கள். நிறைவாக இருந்தும் இப்படியே இருந்தால் வாட்டர் பம்பின் மீது சந்தேகப்படலாம். உப்புத் தண்ணீர் ஊற்றியே பழகிய வண்டிகளில் பம்பின் விசிறி இதழ்கள் அரித்துத் தேய்ந்து போயிருப்பதுண்டு. பெல்ட் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

குறை எங்கே இருக்கிறது என்று டேஷ்போர்டைக் கழற்றாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, கை போதும். இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரில் கட்டைவிரல் தடிமனில் இரண்டு ஹோஸ்கள் நுழையும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அணைத்துவிட்டு இரண்டையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுடும், ஒரு நொடிக்கு மேல் வைக்காதீர்கள்.

இரண்டும் நன்றாகச் சுட்டால் காயிலில் கூலண்ட் ஓடுகிறது. குறை உள்ளே காற்றைத் திருப்பிவிடும் தடுப்பில் இருக்கிறது. பழைய வண்டிகளில் லீவரோடு இணைந்த கேபிள் கழன்றிருக்கும். லீவர் சுகமாக நகரும், உள்ளே ஒன்றும் நகராது. இது சில நிமிட வேலை.

ஒன்று சுட்டு இன்னொன்று ஆறியிருந்தால் காயில் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. வால்வுள்ள வண்டியென்றால் அதன் கையை விரலால் தள்ளிப் பாருங்கள், அதோடு தீர்ந்துவிடலாம்.

இரண்டுமே ஆறியிருந்து மேல் ஹோஸ் மட்டும் சுட்டால் காற்று அடைத்திருக்கிறது. இரண்டும் வெதுவெதுப்பு, முள்ளும் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் கீழேயே நிற்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்.

ஒழுகியபோது லாரி டிரைவர் அண்ணன் ஒருவர் மஞ்சள் தூள் போட்டு நிறுத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஹீட்டர் போனது. சம்பந்தம் உண்டா?

உண்டு. மஞ்சள் தூள் நம் ரோட்டோர வைத்தியம், அந்த நேரத்துக்கு உதவவும் செய்யும். தூள் ஊறிப் போய் ஓட்டையில் அடைந்துகொள்ளும். ஆனால் ஓட்டை எது, வழி எது என்று அதற்குத் தெரியாது. ஹீட்டர் காயிலின் குழாய்கள்தான் மிக மெல்லியவை, ஓட்டமும் அங்கேதான் குறைவு, எனவே முதலில் அடைவதும் அதுதான். கடையில் விற்கும் லீக் அடைக்கும் பவுடரையும் அளவுக்கு மேல் போட்டால் இதே நிலைதான்.

காயிலைக் கழற்றாமல் கழுவிப் பார்க்கலாம். சுவரில் நுழையும் இரண்டு ஹோஸ்களையும் எடுத்துவிட்டு, கூலண்ட் வெளியே வரும் பக்கத்திலிருந்து தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விடுங்கள். பழுப்பும் மஞ்சளுமாகக் குழம்பு வரும். தெளிவாகும்வரை மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பின் அழுத்தத்தில் அடித்துவிடாதீர்கள், பழைய காயில் பிளந்துகொள்ளும், அப்புறம் டேஷ்போர்டை இறக்கியே ஆக வேண்டும்.

‘தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா வண்டி கூலா ஓடும் சார்’ என்று எடுத்துவிட்டார்கள். இது நல்லதா?

நல்லதில்லை. இந்தப் பக்கப் பழைய கார்களில் ஹீட்டர் வெதுவெதுப்பாக மட்டும் வருவதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. தெர்மோஸ்டாட் வண்டிக்குத் தகுந்தபடி 82 அல்லது 88 டிகிரி வாக்கில் திறக்கும், எண் அதிலேயே பொறித்திருக்கும். அதுவரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினைச் சூடாக்கித் தருவதுதான் அதன் வேலை. எடுத்துவிட்டால் நெடுஞ்சாலைக் காற்றில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சில இன்ஜின்களில் இன்னும் மோசம்: தெர்மோஸ்டாட்டின் பின்பகுதி ஒரு குறுக்கு வழியை மூடும் வகையில் இருக்கும். அதை எடுத்துவிட்டால் சுடு கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி வந்து, இன்ஜின் கூலாவதற்குப் பதில் கொதிக்கும்.

உங்கள் தெர்மோஸ்டாட் சரியா என்று பார்க்க, அதை ஒரு நூலில் கட்டி, அடுப்பில் வைத்த தண்ணீரில் தொங்க விடுங்கள். சமையலுக்குத் திரும்பாத பாத்திரமாக இருக்கட்டும். கொதி வருவதற்கு முன்பே வாய் திறக்க வேண்டும், ஆறியதும் முழுதாக மூட வேண்டும். ஆறிய பிறகும் இடைவெளி தெரிந்தால் புதிது வாங்குங்கள்.

சரி, கூலண்ட் எங்கேதான் போகிறது? கீழே ஒரு சொட்டும் இல்லை.

சூடான இன்ஜினில் சொட்டுவது விழுவதற்குள் ஆவியாகிவிடும். அதனால் தரையைப் பார்க்காமல் தடத்தைப் பாருங்கள். ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் ஓரம், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளை. கூலண்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொறுக்குத் தட்டியிருக்கும்.

முன் இருக்கைக்குக் கீழே கால்மிதி நனைந்திருந்தால் ஹீட்டர் காயில் ஒழுகலாம். பயந்துவிடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஏசி நிறையத் தண்ணீர் இறக்கும், அதன் வடிகுழாயில் மண் அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். விரலால் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஏசி தண்ணீர் சாதாரணத் தண்ணீர் மாதிரி இருக்கும். கூலண்ட் வழவழப்பாக ஒட்டும், இனிப்பான ஒரு வாடை வரும், முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் போல ஒன்று படியும், துடைத்தாலும் இழுவிக்கொண்டே போகும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், விஷம்.

வெளியே எங்கும் தடமே இல்லை, ஆனால் குறைந்துகொண்டே போகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மீது சந்தேகப்படலாம். சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை, ரேடியேட்டர் வாயில் நிற்காத குமிழ், ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற குழைவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

‘நம்ம ஊருக்கு எதுக்குண்ணே ஹீட்டரு, ரெண்டு ஹோஸையும் சேத்து லூப் அடிச்சிருவோம்’ என்கிறார் மெக்கானிக் தம்பி.

காயில் ஒழுகி, ஊர் போய்ச் சேர வேண்டும் என்றால் அடித்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஹோஸ்களை ஆணி, போல்ட் வைத்து அடைக்காமல் ஒன்றோடு ஒன்று சேர்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலண்ட் திரும்பி வர அந்த வழியையே நம்பியிருக்கும் இன்ஜின்கள் உண்டு.

நிரந்தரமாக அப்படியே விட எனக்குச் சம்மதமில்லை. பழைய பித்தளைக் காயிலாக இருந்தால் ரேடியேட்டர் கடையில் பற்றவைத்துத் தருவார்கள். அலுமினியம் என்றால் மாற்றுவதே நல்லது. உதிரிபாகத்தைவிட டேஷ்போர்டை இறக்கி ஏற்றும் கூலிதான் அதிகம் வரும் என்பதால், ஏசியின் கூலிங் காயில் வேலை ஏதும் நிலுவையில் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் கண்ணாடி மூடிக்கொள்கிறது. அதற்கும் ஹீட்டருக்கும் என்ன?

டெல்டாவில் ஹீட்டரை வைத்திருக்க இதுதான் சரியான காரணம். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிடும். ஏசியைப் போட்டு, ஹீட்டரையும் பாதிக்குத் திறந்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும், சூடு கண்ணாடியைக் காய வைக்கும். வேறு எந்தத் துணியும் இவ்வளவு சீக்கிரம் துடைக்காது.

மார்கழி விடியலில் வயல் நடுவே போகும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். ஏசியில் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி பிடிக்கும். அப்போது வைப்பரைப் போட்டு, ஏசியைக் குறைத்தால் போதும்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்?

வேதாரண்யம், வேளாங்கண்ணிப் பக்கம் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. உப்பு அரிக்கும், படியும். கூலண்ட் பாட்டிலில் ‘கலக்கத் தேவையில்லை’ என்று இருந்தால் அப்படியே ஊற்றுங்கள். அடர்த்தியானது என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்துகொள்ளுங்கள். சின்னக் காருக்கு மொத்தமாகச் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை வைத்து வகையை முடிவு செய்ய முடியாது. எது உள்ளே இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுக்க வடித்து, கழுவி, ஒரே வகையாக ஊற்றுவதே நல்லது.

வழியில் மாட்டிக்கொண்டால் குடிதண்ணீர் பாட்டில் போதும். ஆனால் இன்ஜின் ஆறிய பிறகு. கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது முள் ஏறினால் ஹீட்டரைப் போடச் சொல்கிறார்களே?

சரிதான், அது இன்னொரு ரேடியேட்டர் போலச் சூட்டை இழுக்கும். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஓரம் கட்ட இடம் தேடுங்கள். அந்த நேரத்தில் குளிர்ந்த காற்று வந்தால் கூலண்ட் இல்லை என்று அர்த்தம். உடனே அணைத்துவிட வேண்டும், அடுத்த வளைவுவரைகூட வேண்டாம்.

மலைக்குப் போகுமுன் ரேடியேட்டர் மூடியைச் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். 0.9 என்று அழுத்த அளவு பொறித்த நல்ல மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட அங்கே 115 டிகிரி வரை தாங்கும். ரப்பர் வெடித்த மூடியோடு கும்பகோணத்தில் சிக்கலில்லாமல் ஓடிய வண்டி, மலையில் பொங்குவது இதனால்தான். புதிது வாங்கும்போது அதே எண் பார்த்து வாங்குங்கள்.

இறக்கத்தில் டீசல் வண்டியில் சூடு குறைகிறது. இதுவும் கோளாறா?

இல்லை. இறக்கத்தில் இன்ஜின் டீசல் எரிப்பதே மிகக் குறைவு, சூடும் குறையும். சமதளம் வந்ததும் திரும்பிவிடும்.

வடித்த பழைய கூலண்டை என்ன செய்வது?

வாய்க்காலிலோ கொல்லையிலோ கொட்டாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நாயும் ஆடும் கோழியும் நக்கிவிடும். சிறிதளவே நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லப் போதும். வடிக்கும்போதே பழைய ஆயில் கேனில் பிடித்து, மூடி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கழிவு ஆயிலோடு கலக்க வேண்டாம். பெரிய சர்வீஸ் சென்டர்களில் கழிவை எடுத்துப் போக ஆள் வருவார்கள், அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது கேட்டுக் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியிருந்தால் மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச வைத்து அள்ளிவிட்டு, இடத்தைக் கழுவுங்கள்.